ஐந்தில் மூன்று: அமெரிக்க வரலாறும் இரண்டு பக்கத்துக் கட்டுக்கதைகளும்

நவம்பர் 3, நியூ ஜெர்சி வாசகி ஒருவரின் கேள்வி

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "அம்மா, அமெரிக்க அரசியல் சாசனத்துல கறுப்பர் ஒருத்தர் ஐந்தில் மூன்று பங்கு மனுஷன்னு எழுதி வச்சிருக்காங்க, தெரியுமா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பழமைவாதிகள் பக்கம் நின்று இங்கே நிறைய எழுதுகிறீர்கள். இது உண்மையா, கட்டுக்கதையா? ஒரு வரியில் சொன்னால் போதும்.

நவம்பர் 4, இரவு

ஒரே வரி என்றால், கட்டுக்கதை. ஆனால் பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டும். அதற்கு ஒரு வரி போதாது.

1787 கோடையில் சாசனம் எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்கள் யார் முழு மனிதர், யார் அரை மனிதர் என்று விவாதிக்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் எந்த மாகாணத்துக்கு எத்தனை இடம் என்பதுதான் சண்டை. மக்கள்தொகைப்படி இடம் என்றால் அடிமைகளையும் தொகையில் சேர்ப்பதா? தென் கரோலினாவின் பட்லரும் பிங்க்னியும் ஜூலை 11 அன்று எழுந்து, அடிமைகளை வெள்ளையருக்குச் சமமாகத் தலைக்கு ஒன்று என்று எண்ணச் சொன்னார்கள். அப்படி எண்ணினால் அடிமை முதலாளிகளுக்குச் சபையில் அத்தனை நாற்காலி கூடும். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் ஜெரி ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தார்: தெற்கே சொத்தாக வைத்திருக்கும் அடிமையை எண்ணலாம் என்றால், வடக்கே இருக்கும் மாட்டையும் குதிரையையும் ஏன் எண்ணக்கூடாது? கடைசியில் ஐந்தில் மூன்றுக்குப் பேரம் படிந்தது. அந்த விகிதம்கூடப் புதிதல்ல. 1783-ல் மாகாணங்கள் மத்திய கஜானாவுக்குக் கட்ட வேண்டிய பங்கைப் பிரிக்க யோசித்த கணக்கு அது.

முழுசாக எண்ணச் சொன்னது அடிமை முதலாளிகள். எண்ணவே கூடாது என்றது அவர்களை எதிர்த்தவர்கள். சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர் முழு ஆளாகவே எண்ணப்பட்டார். ஆகவே அது அடிமைமுறைக்கு எதிரான பிரிவு என்று மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நவம்பர் 5, காலை

சாசனத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "அடிமை" என்ற சொல்லே கிடையாது. சுதந்திர மனிதர்களைச் சொல்லிவிட்டு, "மற்ற நபர்கள் எல்லோரிலும் ஐந்தில் மூன்று" என்கிறது. நபர்கள். மனிதர் இன்னொருவரின் சொத்தாக இருக்க முடியும் என்ற எண்ணத்தைச் சாசனத்தில் ஏற்றுவது தவறு என்று, அதை வடித்தவர்களில் முக்கியமானவரான மேடிசன் ஆகஸ்ட் 25 அன்று அந்த அறையில் பேசினார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். இரண்டும் உண்மை.

நவம்பர் 8

நான்கு நாளாக இது என்னை விடவில்லை. 4-ஆம் தேதி எழுதியதன் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அழிக்கவில்லை, மேலேயே இருக்கட்டும்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வாக்கியத்தை நம்பாமல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று பழகியவன், இங்கே வாக்கியத்தை மட்டும் பார்த்துவிட்டேன். நேற்று 1790 மக்கள்தொகைக் கணக்கை எடுத்து உட்கார்ந்தேன். வர்ஜீனியாவில் மொத்தம் சுமார் 7,47,000 பேர். அதில் சுமார் 2,92,000 பேர் அடிமைகள். பென்சில்வேனியாவில் மொத்தம் சுமார் 4,34,000 பேர். அடிமைகள் நாலாயிரத்துக்கும் குறைவு. அடிமைகளைக் கழித்தால் இரண்டு மாகாணத்திலும் சுதந்திர மக்கள் ஏறக்குறைய சமம். ஆனால் அந்தக் கணக்கை வைத்துப் பிரித்த சபையில் வர்ஜீனியாவுக்கு 19 இடம், பென்சில்வேனியாவுக்கு 13.

நடுவில் இருக்கும் ஆறு இடமும் அடிமைகளின் தலைகளால் வந்தது. ஓட்டு அவர்களுடையது அல்ல, முதலாளிகளுடையது. முழுசாக எண்ணாததால் தெற்கின் பலம் குறைந்தது என்று நான் சொன்னது, முழுசாக எண்ணியிருந்தால் என்ற கற்பனையோடு ஒப்பிட்டால்தான் சரி. எண்ணாமலே விட்டிருந்தால் என்ற நியாயத்தோடு ஒப்பிட்டால் அது தெற்குக்குக் கொடுத்த வெகுமதி. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் எண்ணிக்கையும் இதே கணக்கில்தான் வரும். 1800 தேர்தலில் வர்ஜீனியாவின் ஜெஃபர்சனுக்கு 73, மாசசூசெட்ஸின் ஆடம்ஸுக்கு 65. அடிமைக் கணக்கு இல்லாதிருந்தால் ஆடம்ஸ் ஜெயித்திருப்பார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கூட்டிக் கழித்துச் சொல்கிறார்கள்.

அந்த அறையிலேயே இதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். பென்சில்வேனியாவின் சார்பில் வந்த கூவர்னர் மாரிஸ், ஆகஸ்ட் 8. அடிமைகள் மனிதர்களா? அப்படியானால் குடிமக்களாக்கி ஓட்டுக் கொடுங்கள். சொத்தா? அப்படியானால் வேறு எந்தச் சொத்தையும் ஏன் எண்ணவில்லை? ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மனிதரைப் பிய்த்துக்கொண்டு வருகிற கரோலினாக்காரனுக்கு, அந்தச் செயலை அருவருப்போடு பார்க்கிற பென்சில்வேனியாக்காரனைவிட அதிக ஓட்டா? இதுதான் அவர் பேச்சின் சாரம். நாடு பிறந்த அன்றே அதன் மேல் வைக்கப்பட்ட மிகக் கூர்மையான குற்றச்சாட்டு, அதைப் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்தே வந்தது.

சகோதரி, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: அது மனிதத்தன்மையை அளந்த பின்னம் அல்ல. அடிமைமுறைக்கு எதிரான பிரிவும் அல்ல.

நவம்பர் 9

"அப்போ சாசனமே அழுக்குதானே, உங்க பக்கம் எதைப் பாதுகாக்கிறீங்க?" என்று மதுரைக்கார நண்பர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியோடு என்னைவிடப் பெரியவர் ஒருவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்.

ஃபிரெடெரிக் டக்ளஸ் 1838-ல் மேரிலாந்து அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். அவரை மேடையேற்றிய வில்லியம் லாயிட் காரிசன், சாசனம் மரணத்தோடு செய்த உடன்படிக்கை என்றவர். 1854 ஜூலை 4 அன்று மக்கள் முன்னால் அதைக் கொளுத்தினார். டக்ளஸும் முதலில் அதே கட்சி. பிறகு வரி வரியாகப் படித்தார், 1851-ல் மனம் மாறிவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தார். 1852 ஜூலை 5, ராச்செஸ்டர் நகரில் பேசினார். உங்கள் சுதந்திர நாள் அடிமைக்கு என்ன என்று கேட்டு அந்தச் சபையை உலுக்கிய பேச்சு அது. அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பேச்சின் முடிவில் சாசனத்தை மகத்தான சுதந்திர ஆவணம் என்கிறார். அதை யாரும் காட்டுவதில்லை. 1860-ல் கிளாஸ்கோவில் பேசும்போது ஐந்தில் மூன்று பிரிவையே எடுத்து, அடிமை மாகாணங்களின் மேல் சுமத்திய தண்டனை அது என்று வாதாடினார்.

ஆக, 4-ஆம் தேதி நான் சொன்னது டக்ளஸின் வாதம். 8-ஆம் தேதி சொன்னது கூவர்னர் மாரிஸின் வாதம். எனக்கு எண்கள் மாரிஸ் பக்கம் நிற்கின்றன. ஆனால் முதுகில் சவுக்குத் தழும்போடு அந்தக் காகிதத்தை எடுத்து, தன் ஆயுதமாக்கிக்கொண்ட மனிதரை நான் எப்படித் தாண்டிப் போவேன்? கன்சர்வேட்டிவ் என்று என்னைச் சொல்லிக்கொள்வதன் பொருள் இவ்வளவுதான்: கைக்கு வந்த ஏட்டைக் கொளுத்தமாட்டேன், திருத்தியும் எழுதமாட்டேன்.

நவம்பர் 12

ஜார்ஜியாவில் இருக்கும் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். "தம்பி, உள்நாட்டுப் போர் மாகாண உரிமைக்காக நடந்தது. அடிமை விஷயம் பின்னாடி ஒட்டவச்சது. உன் பக்கத்து ஆளுங்களே அப்படித்தானே சொல்றாங்க?"

அண்ணே, சொல்கிறார்கள். தப்பாகச் சொல்கிறார்கள். மாகாண உரிமையில் எனக்கு இருக்கிற பிடிப்பு உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கதை என்னை வேறு யாரையும்விட அதிகமாக உறுத்துகிறது.

தென் கரோலினா 1860 டிசம்பர் 24 அன்று பிரிந்துபோகும் காரணங்களை அச்சடித்து வெளியிட்டது. எடுத்துப் படியுங்கள். மத்திய அரசு எங்கள் மாகாண உரிமையில் தலையிடுகிறது என்பது அதில் பிரதானப் புகார் அல்ல. வட மாகாணங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களைப் போட்டு, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பதுதான் புகார். நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிக்கொண்டு போகவும் விடவில்லை என்று தனியாக ஒரு குறை. மிசிசிப்பியின் பிரகடனம் இன்னும் நேரடி: எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் பிணைந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்துபோன தென் மாகாணங்கள் அமைத்த புதிய கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் உங்கள் ஜார்ஜியாக்காரர். 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்றார்.

மாகாண உரிமைக்காக நெஞ்சை நிமிர்த்தியவர்களைத் தேடுகிறீர்களா? விஸ்கான்சினுக்குப் போங்கள். 1850-ல் ஓடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் கொண்டுவந்தது. அது மத்தியச் சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தனக்காகச் சாட்சி சொல்லும் உரிமையும் கிடையாது. விசாரிக்கும் ஆணையர் அவரை அடிமை என்று திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுதலை செய்தால் 5 டாலர். கணக்கு எழுதும் தொழிலில் எத்தனையோ அநியாயமான ரசீது பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 1854-ல் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவர் என்பவரை மில்வாக்கிச் சிறையில் அடைத்தபோது ஊரே திரண்டு கதவை உடைத்து வெளியே கொண்டுவந்தது. கூட்டத்தைத் திரட்டிய பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் மேல் வழக்கு. இந்த மத்தியச் சட்டம் செல்லாது என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் துணிந்து சொன்னது. 1859-ல் வாஷிங்டனில் இருக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. தெற்கு அதைக் கொண்டாடியது. குடியரசுக் கட்சியின் பிறந்த ஊர் என்று சொல்லப்படும் ரிப்பனும் விஸ்கான்சினில்தான் இருக்கிறது. நம் கட்சிப் பரம்பரை அங்கே இருக்கும்போது, அண்ணே, நாம் ஏன் ஸ்டீவன்ஸுக்கு வக்காலத்து வாங்க வேண்டும்?

நவம்பர் 13

சுங்க வரிதான் காரணம் என்றும் ஒரு வாதம் வந்திருக்கிறது. போருக்கு முன் நடப்பிலிருந்தது 1857-ன் சுங்கச் சட்டம். வரியைக் குறைத்த சட்டம் அது, தென்னாட்டு உறுப்பினர்களும் ஆதரித்தது. வரியை ஏற்றிய மாரில் சட்டம் 1861 மார்ச் 2 அன்று நிறைவேறியது. ஏழு மாகாணங்கள் அதற்கு முன்பே வெளியேறிவிட்டன.

லிங்கனின் விடுதலைப் பிரகடனம் ஒருவரையும் விடுவிக்கவில்லை என்று எதிர்ப்பக்கம் சொல்வதும் அதே அளவு தப்பு. 1863 ஜனவரி 1 அன்றே, வடக்கின் படை பிடித்து வைத்திருந்த கடலோரப் பகுதிகளில் பல்லாயிரம் பேர் விடுதலையானார்கள். அந்தப் போரில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்கின் சீருடை அணிந்தார்கள்.

நவம்பர் 16

பேச்சு, 1773-ல் குடியேற்றக்காரர்கள் கப்பலிலிருந்த தேயிலையைக் கடலில் கொட்டிய பாஸ்டன் துறைமுகத்துக்குப் போய்விட்டது. போகட்டும், எனக்கும் பிடித்த இடம்.

இரண்டு தவறு. ஒன்று, தேயிலை வரியை ஏற்றியதால் கோபம் என்பது. 1773-ன் தேயிலைச் சட்டம் விலையைக் குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் தேயிலை விற்காமல் மலையாகக் குவிந்து கிடந்தது, கம்பெனி திவாலாகும் நிலை. அதைக் காப்பாற்ற, இங்கிலாந்தில் கட்ட வேண்டிய தீர்வை இல்லாமல் நேரே அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். ராத்தலுக்கு மூன்று பென்ஸ் பழைய வரியை மட்டும் விடாமல் வைத்தார்கள். ஒரு கம்பெனிக்கு அரசாங்கமே சந்தையை எழுதிக் கொடுப்பதையும், தங்கள் சம்மதமில்லாமல் போட்ட அந்த மூன்று பென்ஸையும்தான் குடியேற்றக்காரர்கள் எதிர்த்தார்கள். டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் தண்ணீருக்குள் போயின.

இரண்டாவது, அது இந்தியத் தேயிலை என்று நம்மவர்கள் நம்புவது. நானும் நம்பியவன். அத்தனையும் சீனத் தேயிலை. அசாமிலும் நீலகிரியிலும் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது.

இங்கே நம் ஊர் வேறு வழியில் வருகிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை அழித்தது. அந்தப் பெயர் பிலடெல்பியா வரை வந்திருக்கிறது. 1782 ஏப்ரல் 8 அன்று டெலாவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் "ஹைதர் அலி". தலைவன் ஜோஷுவா பார்னி. யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ்தான் பத்தே வருடத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து திப்புவின் இரண்டு மகன்களைப் பணயமாகப் பிடித்தார். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போனது 1792-ல் அப்படித்தான்.

நவம்பர் 17

மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களை எரித்தார்களா என்று கேட்டவருக்கு: இல்லை. 1692-ல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். பேச மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல்லடுக்கி நசுக்கினார்கள். ஐந்து வருடம் கழித்து, தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவரான சாமுவேல் சீவல் தேவாலயத்தில் எழுந்து நின்றார், அவருடைய மன்னிப்பு சபை முன் வாசிக்கப்பட்டது. அது என் மனதில் நிற்கிறது.

நவம்பர் 20

"ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ரூஸ்வெல்ட் வந்து பஞ்சத்தை ஓட்டினார்." 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தைப் பற்றிய இந்தக் கதையில் நான் என் பக்கத்தோடு முழுசாக நிற்கிறேன். மந்தம் தொடங்கியபோது ஜனாதிபதியாக இருந்த ஹூவர் சும்மா இருக்கவில்லை. 1930-ல் ஸ்மூட் ஹாலி இறக்குமதி வரியில் கையெழுத்திட்டார், 1932-ல் உச்ச வருமான வரியை 25 சதவீதத்திலிருந்து 63-க்கு ஏற்றினார். அவர் அதிகம் செலவு செய்கிறார் என்று அந்தத் தேர்தலில் குற்றம் சாட்டியவர் ரூஸ்வெல்ட். 1933-ல் வேலையில்லாதவர்கள் நால்வருக்கு ஒருவர். 1937-ல் பொருளாதாரம் மறுபடி சரிந்தது. நிவாரண வேலையில் இருந்தவர்களை வேலையற்றவர் என்று எண்ணினால் 1938-ன் எண் 19 சதவீதம், எண்ணாவிட்டால் 12-க்கு மேல். எந்தக் கணக்கை எடுத்தாலும் மந்தம் தீர்ந்துவிட்டது என்று அந்த வருடத்தில் சொல்ல முடியாது. அதே சமயம் 1933-க்கும் 1937-க்கும் நடுவில் வளர்ச்சி வேகமாக இருந்தது. நம்மவர்கள் அதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

என்னைப் பழமைவாதியாக்கியது ஒரு கோதுமை வழக்கு. ஒஹையோ விவசாயி ரோஸ்கோ ஃபில்பர்ன். 11.1 ஏக்கர்தான் கோதுமை விதைக்கலாம் என்று அரசு ஒதுக்கியது. அவர் 23 ஏக்கர் விதைத்தார். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு 117 டாலர் 11 சென்ட் அபராதம். சொந்த மாட்டுக்கும் கோழிக்கும் சொந்த அடுப்புக்கும் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. வீட்டில் தின்றால் சந்தையில் வாங்கமாட்டாய், எல்லோரும் அப்படிச் செய்தால் மாகாணங்களுக்கு இடையிலான வணிகம் பாதிக்கும் என்று 1942-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

அதைப் படித்த இரவு எங்கள் தாத்தா நினைவுக்கு வந்தார். திருவாரூர்ப் பக்கம் நாலு வேலி நிலம். அரசுக்குக் கட்டாய லெவி நெல் அளந்துவிட்டுத்தான் மிச்சம் வீட்டுக்கு. பெண் கொடுத்த ஊருக்கு ஒரு மூட்டை அனுப்பக்கூட, ஜில்லா எல்லையில் பிடிப்பார்கள் என்று வைக்கோலுக்கு அடியில் மறைத்து ராத்திரி வண்டி கட்டுவார். தன் நெல்லையே திருடன் மாதிரிக் கொண்டு போனவர். ஃபில்பர்னின் வழக்கு எனக்குச் சட்டப் புத்தகத்து வழக்கு அல்ல.

நவம்பர் 27, நன்றித் திருநாள் இரவு

இன்று வீட்டுக்குப் பதினாறு பேர் வந்தார்கள். எல்லா வருடமும் சாப்பாட்டுக்கு முன் நான் ஒரு கதை சொல்வேன். இங்கிலாந்திலிருந்து வந்து பிளிமத்தில் இறங்கியவர்கள் முதலில் எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார்கள், பட்டினி கிடந்தார்கள். பிறகு குடும்பத்துக்குத் தனி நிலம் கொடுத்தார்கள், களஞ்சியம் நிரம்பியது, அந்த நன்றிதான் இந்த விருந்து. பத்து வருடமாவது சொல்லியிருப்பேன். இன்று சொல்லவில்லை. மேலே இத்தனை பேருடைய கதைகளைத் தோலுரித்துவிட்டு, என் கதையைச் சோதிக்காமல் வாயில் வைக்க முடியவில்லை.

தேதி பொருந்தவில்லை. விருந்து 1621 இலையுதிர் காலத்தில். மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். மிஞ்சிய ஐம்பது பேரோடு அந்தப் பகுதிப் பூர்வகுடித் தலைவர் மாசசாய்ட்டும் அவருடைய ஆட்கள் தொண்ணூறு பேரும் மூன்று நாள் சாப்பிட்டார்கள். ஐந்து மான்கள் அவர்கள் கொண்டுவந்தவை. தனி நிலம் கொடுத்தது 1623-ல். ஆக அந்த விருந்து நடந்தது பொதுவில் உழுத காலத்தில்.

பொதுவுடைமை என்ற சொல்லும் தவறு. லண்டன் வணிகர்களோடு செய்த பங்கு ஒப்பந்தம் அது. ஏழு வருடம் எல்லா வருமானமும் பொதுக் கணக்கில், பிறகு பங்கு பிரிப்பது. லாபத்துக்கான ஏற்பாடு. என் தொழிலில் இருப்பவன் இதை முதல் பார்வையில் கண்டிருக்க வேண்டும்.

ஆனால் பாதிக் கதை நிற்கிறது, அதை விடமாட்டேன். ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டே எழுதி வைத்திருக்கிறார். கூலியில்லாமல் அடுத்தவன் பெண்டாட்டி பிள்ளைக்கு உழைப்பதா என்று வாலிபர்கள் முணுமுணுத்தார்கள். பிற ஆண்களுக்குச் சமைத்துத் துணி துவைப்பதைப் பெண்கள் அடிமைத்தனமாக நினைத்தார்கள். தனி நிலம் கொடுத்ததும் அந்தப் பெண்களே குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வயலுக்கு வந்தார்கள், எல்லோர் கையும் சுறுசுறுப்பானது. இதெல்லாம் அவர் கண்ணால் கண்டது.

நான் எப்போதும் விட்டுவிட்ட ஆள் ஒருவர் உண்டு. அவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்த பூர்வகுடிக்காரர் டிஸ்குவாண்டம். 1614-ல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் அவரைக் கடத்தி ஸ்பெயினில் விற்றான். எப்படியோ லண்டன் வழியாகத் திரும்பி வந்தபோது ஊரே இல்லை. கொள்ளை நோய் எல்லோரையும் கொண்டுபோயிருந்தது. பிளிமத் எழுந்தது அந்தக் காலி ஊரின் மேல்தான். இன்று கதைக்குப் பதிலாக அவரைப் பற்றிச் சொன்னேன். வான்கோழி ஆறிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 29

"1964 குடிமை உரிமைச் சட்டத்தை ஜெயிக்க வைத்ததே நம்ம கட்சிதான்" என்று ஜார்ஜியா அண்ணன். செனட்டில் குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரவு, ஜனநாயகக் கட்சியின் 67 பேரில் 46 பேர். எண் சரி. செனட்டில் அக்கட்சியின் தலைவராக இருந்த எவரெட் டர்க்சன் இல்லாமல் அது நிறைவேறியிருக்காது. ஆனால் எதிர்த்த ஆறு பேரில் ஒருவர் பாரி கோல்ட்வாட்டர். அந்த வருடமே கட்சி அவரைத்தான் ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அண்ணே.

ஐந்தில் மூன்றுக்கு ஒரு வால் இருக்கிறது, முன்பே எழுதியிருக்க வேண்டும். 1868-ல் 14-ஆவது திருத்தம் அந்தப் பின்னத்தை ஒழித்தது. இனி எல்லோரும் முழு ஆள். பிறகு 1877-ல் மத்தியப் படை தெற்கை விட்டுப் போனது. மிசிசிப்பி 1890-ல் புதுச் சாசனம் எழுதிக் கறுப்பரின் ஓட்டைப் பறித்தது, மற்றவையும் பின்னாலேயே வந்தன. ஓட்டைப் பறித்தால் சபையில் இடம் குறையும் என்று அதே திருத்தத்தில் ஒரு தண்டனைப் பிரிவு இருந்தது. அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. முழு மனிதராக எண்ணப்பட்டு, ஓட்டு இல்லாமல், தங்களை மிதித்தவர்களுக்கே முன்னைவிட அதிக நாற்காலி சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னத்தைப் பார்த்துக் கோபப்படும் பிள்ளைகளுக்கு இந்த முழு எண்ணையும் காட்ட வேண்டும்.

டிசம்பர் 6

கேள்வி கேட்ட சகோதரி மகளோடும் கணவரோடும் இன்று பிலடெல்பியா வந்திருந்தார். நான் இருப்பது நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம். சுதந்திர மண்டபத்தில் அந்த அறையைப் பார்த்தோம். பச்சைத் துணி விரித்த மேசைகள், ஒரு வகுப்பறை அளவுதான்.

அங்கிருந்து ஒரு தெரு வடக்கே, வாஷிங்டன் ஜனாதிபதியாக வாழ்ந்த வீடு இருந்த இடம். பென்சில்வேனியாவின் 1780 சட்டப்படி, வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தங்கினால் விடுதலை கேட்கலாம். அதைத் தவிர்க்க அவர்களைத் தவணை முறையில் வெளியே அனுப்பச் சொல்லி, அவர்களுக்கும் ஊருக்கும் உண்மை தெரியாமல் செய் என்று 1791-ல் தன் செயலாளருக்கு எழுதினார் வாஷிங்டன். 1796 மே மாதம் குடும்பம் இரவு உணவில் இருந்தபோது ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டு வாசலைத் தாண்டி நடந்தார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போனார். ஆள் அனுப்பியும் திரும்பவில்லை. 1848 வரை வாழ்ந்தார். தனக்குச் சொந்தமான 123 பேரை விடுதலை செய்யச் சொல்லி உயிலில் எழுதியவரும் அதே வாஷிங்டன்தான். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதை போகவில்லை. அந்த வாசலில் நிற்கும்போது அதைச் சுலபமாகவும் சொல்ல முடியவில்லை.

காபி குடிக்க உட்கார்ந்தபோது அந்தப் பெண் நோட்டை எடுத்தாள். 8-ஆம் தேதி நான் போட்ட எண்களை அவளே வகுத்துப் பார்த்திருக்கிறாள். அன்றைய விகிதம் 33,000 பேருக்கு ஓர் இடம். வர்ஜீனியாவின் எல்லா அடிமைகளையும் முழுசாக எண்ணினால் 22 இடம். எண்ணவே இல்லையென்றால் 13, பென்சில்வேனியாவுக்குச் சமம். ஐந்தில் மூன்று என்றால் 19. மூன்று எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, 19-ஐச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். ஒரு மாதமாக நான் எழுதியதெல்லாம் அந்த மூன்று வரியில் இருந்தது. என் முதல் பதில் தப்பு என்பதும் சேர்த்து.

"அங்கிள், அதே வரியில் 'வரி கட்டாத இந்தியர்களை நீக்கி'ன்னு இருக்கே, அவங்கள எண்ணவே இல்லையா?" என்றாள்.

அந்தப் பூர்வகுடி மக்களை எண்ணவில்லை, கண்ணம்மா. அவர்கள் பிறப்பால் குடிமக்கள் என்று சட்டம் சொன்னது 1924-ல், கூலிட்ஜ் கையெழுத்தில். நடுவில் இருக்கும் 137 வருடத்தை எழுத எனக்கு இரண்டு நாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன்.